நல்ல எஸ்டேட் கொட்டை வாங்கியும் வீட்டில் காப்பி ஏன் புளிக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தலைமுறைகளாக ஃபில்டர் காப்பி குடித்துப் பழகிய வீடு. சிக்மகளூர்ப் பகுதியின் எஸ்டேட் ஒன்றில் விளைந்த, சிக்கரி கலக்காத, இளம் வறுப்பு அராபிகா வகைக் கொட்டை கால் கிலோ வரவழைத்து, மிக்ஸியில் அரைத்து, எவர்சில்வர் ஃபில்டரில் போட்டிருக்கிறீர்கள். அரை மணி நேரம் சொட்ட வேண்டிய டிகாஷன் பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது, நீர்த்தும் இருந்தது. பால் விட்டால் நிறம் ஏறவில்லை, வாயில் வைத்தால் புளிப்பு. கடைப்பொடியைப் போல் பல மடங்கு விலை கொடுத்தது வீண்தானா, அல்லது இதற்கென்று தனிக் கருவிகள் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் வீணாகவில்லை, கொட்டையிலும் பெரும்பாலும் குறை இருக்காது. நீங்கள் வாங்கிய வறுப்பும், அதை அரைத்த விதமும், ஃபில்டரில் டிகாஷன் இறக்கும் முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனதுதான் சிக்கல். கருவிகளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: முதலில் கையால் சுற்றும் நல்ல அரைப்பான் ஒன்று, அடுத்து தண்ணீரைச் சரிசெய்வது, மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும் பணம் கொடுத்து எஸ்பிரெசோ இயந்திரம் வாங்கினாலும் அதில் மிக்ஸிப் பொடியைப் போட்டால் நல்ல காப்பி கிடைக்காது. நல்ல அரைப்பானும் சாதாரணக் கண்ணாடி டம்ளரும் மட்டும் இருந்தால்கூடக் கிடைக்கும்.

டிகாஷன் ஏன் நீர்த்தது என்பதை முதலில் பார்ப்போம். கடையில் வாங்கும் கலவைப் பொடியில் சிக்கரி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறத்தாழப் பாதிவரை சிக்கரி இருக்கச் சட்டம் இடம் தருகிறது. வறுத்த சிக்கரியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வெந்நீரில் கரைந்துவிடும். காப்பிக் கொட்டையிலோ கரையக்கூடியதே சுமார் 30 விழுக்காடுதான். அதிலும் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைத்தெடுக்கும்போதுதான் சுவை சீராக இருக்கும் என்பது, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950-களில் நடத்திய ஆய்வுகளிலிருந்து இன்றுவரை தொழிலில் புழங்கும் கணக்கு. 70 கிராம் காப்பியும் 30 கிராம் சிக்கரியும் சேர்ந்த 100 கிராம் பொடியை எடுத்துக்கொண்டால், காப்பியிலிருந்து சுமார் 14 கிராமும் சிக்கரியிலிருந்து 15 கிராமுக்கு மேலும் டிகாஷனில் இறங்கும். நம் நாக்கு 'கெட்டி டிகாஷன்' என்று அறிந்து வைத்திருப்பதில் பாதி சிக்கரியின் கெட்டித்தன்மை. போதாததற்கு, சிக்கரி நீரில் ஊறி உப்பி வழியை அடைப்பதால்தான் டிகாஷன் மெதுவாகச் சொட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தடையின்றி ஓடிவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

புளிப்புக்குக் காரணம் வேறு. வெந்நீர் பட்டதும் கொட்டையிலிருந்து முதலில் வெளிவருபவை அமிலங்கள். இனிப்பையும் மணத்தையும் தருபவை சற்றுப் பின்னால் வருகின்றன, கசப்பும் துவர்ப்பும் கடைசியில் வருகின்றன. பாதியிலேயே கரைவது நின்றுவிட்டால் அமிலம் மட்டும் தூக்கலாகத் தெரியும். இளம் வறுப்புக் கொட்டை அடர்த்தியானது, எளிதில் இளகாது, அமிலங்களையும் தன்னிடம் நிறைய வைத்திருக்கும். வறுப்பு முற்ற முற்றக் கொட்டை பொருபொருவென்று ஆகிறது, அமிலம் குறைகிறது, நீரும் எளிதில் உள்ளே இறங்குகிறது. ஃபில்டரில் ஒரு பங்கு பொடிக்கு நான்கைந்து பங்கு தண்ணீர்தான் விடுகிறோம். அவ்வளவு குறைந்த நீர் விரைவிலேயே செறிந்துவிடுவதால், கொட்டைக்குள் மிச்சமிருப்பதை இழுக்கும் வலுவை இழந்துவிடுகிறது. முதல் டிகாஷன் எடுத்த அதே பொடியில் இரண்டாம் டிகாஷன் இறக்க முடிவதே இதற்குச் சான்று. முற்றிய வறுப்புக்கு இந்த முறை போதும். இளம் வறுப்புக்கு ஒரு பங்குக்குப் பதினைந்து, பதினாறு பங்கு நீர் வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கிய கொட்டை ஃபில்டருக்கு உரியதே அன்று, பாலில்லாமல் வடித்துக் குடிக்க உரியது.

'ஸ்பெஷாலிட்டி' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது வெறும் விளம்பரச் சொல்லா என்ற ஐயமும் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் மணம், சுவை, அமிலம், நாவில் நிற்கும் கனம், குடித்தபின் மிஞ்சும் சுவை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, நூற்றுக்கு 80-உம் அதற்கு மேலும் பெறும், பெருங்குறை இல்லாத கொட்டையைத்தான் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக அந்தப் பெயரால் குறித்து வருகிறார்கள். நம் ஊர்க் காப்பிப் பொடிக் கடைப் பலகையில் காணும் 'பிளான்டேஷன் ஏ', 'பீபெரி' என்பவை வேறு வகை அடையாளங்கள். பிளான்டேஷன் என்பது பழத்தோலைச் சீவி, கழுவி உலர்த்திய அராபிகா. ஏ என்பது சல்லடையில் நிற்கும் கொட்டையின் பருமன். பீபெரி என்பது, இரண்டு விதைகள் இருக்க வேண்டிய பழத்தில் ஒன்று மட்டும் உருண்டு விளைந்தது. அளவையும் வடிவத்தையும் சொல்லும் இந்தப் பெயர்களைச் சுவைக்கான உத்தரவாதமாக நாம் வெகுகாலம் எடுத்துக்கொண்டுவிட்டோம். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் வந்த பிறகு, தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நல்ல தோட்டத்துக் கொட்டையும் சுமாரான தோட்டத்துக் கொட்டையும் ஒரே குவியலில் சேர்ந்தன. 1990-களில்தான் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து, விளைவித்தவரே விற்கும் உரிமை முழுமையாகக் கிடைத்தது. தோட்டத்தின் பெயர், செடியின் ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி எல்லாம் அச்சிட்ட பொட்டலம் உங்கள் கைக்கு வந்திருப்பது அந்த மாற்றத்தின் பலன். அந்த உழைப்புக்கு நீங்கள் கொடுத்த கூடுதல் விலை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை எதை வாங்கலாம்? ஃபில்டர் காப்பியிலிருந்து வருபவருக்கு நான் சொல்வது, கழுவிப் பதப்படுத்திய எஸ்.795 ரகம், நடுத்தர வறுப்பு. சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூரில் உள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1940-களிலிருந்து தென்னிந்திய மலைத்தோட்டங்களில் பரவலாகப் பயிராகும் ரகம் இது. அமிலம் மென்மையாகவும், வெல்லத்தின் இனிப்பும் மசாலா வாசனையின் சாயலும் கொண்டதாகவும் பொதுவாக இருக்கும். சிக்மகளூர், பாபா புதன்கிரி, குடகு ஆகிய இடங்களின் அராபிகா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது பலருக்கும் தெரியும். பழனி மலையின் தாண்டிக்குடி, சேர்வராயன் மலையின் ஏற்காடு என்று தமிழ்நாட்டிலேயே நல்ல அராபிகா விளைகிறது என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காற்றுப் புகாத தொட்டியில் பழத்தைப் புளிக்க வைத்துப் பதப்படுத்திய கொட்டைகளும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றின் பழுத்த பலா வாசனையும் திராட்சை மது வாசனையும் சிலருக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் தொடக்கத்திலேயே அவற்றை வாங்க வேண்டாம். கொட்டையின் சொந்தச் சுவை எது, புளிக்க வைத்ததால் வந்த சுவை எது என்று பிரித்தறிய நாக்குக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

இனி அரைப்பு. மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. ஒரே ஜாரில் மாவு போன்ற தூசும் உடைத்த மிளகளவு குறுணையும் சேர்ந்தே கிடைக்கும். தூசு நொடியில் கரைந்து கசப்பைக் கொடுக்கும், குறுணையின் உட்பகுதி கரையாமலே புளிப்பைக் கொடுக்கும். கசப்பும் புளிப்பும் ஒரே மிடறில் வந்தால் பழி அரைப்பின் மீதுதான். 'பர்' எனப்படும் பல் அமைப்புக் கொண்ட அரைப்பானில், இரண்டு பற்பரப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நாம் வைத்தபடி கொட்டை ஒரே பருமனில் நொறுங்கி விழுகிறது. கையரைப்பான் வாங்கும்போது எஃகுப் பற்களும், தண்டு ஆடாமல் பிடித்து நிறுத்தும் பேரிங்கும் உள்ளதாகப் பாருங்கள். மலிவான பீங்கான் பல் அரைப்பான்களில் தண்டு ஆடுவதால் மிக்ஸியைவிடச் சற்றே மேலான பலன்தான் கிடைக்கும். ஒரு ஆளுக்கான 15 கிராமை அரைக்க ஓரிரு நிமிடம் ஆகும். அரைத்தவுடன் எழும் வாசனையில் பெரும்பகுதி அடுத்த சில நிமிடங்களில் காற்றோடு போய்விடுவதால், காலையில் தேவைக்கு மட்டும் அரைப்பதே சரி. அரைப்பான் வாங்கும்வரை மிக்ஸிதான் என்றால், தொடர்ந்து ஓட்டாமல் இரண்டு மூன்று நொடி விட்டு விட்டு அடித்து, நடுவே ஜாரைக் குலுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, மேலே தங்கும் குறுணையை மட்டும் மறுபடி அடியுங்கள். ஓரளவு சமாளிக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழ்நாட்டு நகரங்களில் காப்பியைக் கெடுப்பதில் இதன் பங்கு பெரிது, பேசப்படுவதோ குறைவு. வடித்த காப்பியில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் கொட்டையிலிருந்து சுவைப் பொருள்களை இழுக்க உதவுகின்றன. பைகார்பனேட் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. அது அளவோடு இருந்தால் புளிப்பு இதமாகும், மிஞ்சினால் எவ்வளவு நல்ல கொட்டையும் சுண்ணாம்புத் தண்ணீர் போல மந்தமாகிவிடும். கரைந்துள்ள உப்புகள் மொத்தமாக லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது, 75 முதல் 250 வரை ஏற்கத்தக்கது என்பது தொழிலில் பின்பற்றப்படும் அளவுகோல். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல பகுதிகளில் இது 500-ஐத் தாண்டும். அதே வீட்டு ஆர்.ஓ. கருவியிலிருந்து வருவதில் பல நேரம் 50-க்கும் கீழே இருக்கும். முதலாவதில் காப்பி செத்துக் கிடக்கும். இரண்டாவதில் இழுக்கும் பொருளும் இல்லை, புளிப்பைத் தணிக்கும் பொருளும் இல்லை என்பதால் காப்பி மெலிந்து, கூர்மையான புளிப்போடு வரும். நீங்கள் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தினால் உங்கள் புளிப்பில் ஒரு பங்கு அதனுடையது.

தீர்வு எளியது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி இரண்டு தண்ணீரையும் அளந்து, ஆர்.ஓ. தண்ணீரோடு குடிநீர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, தெளிந்ததை மட்டும் கலந்து, 100 முதல் 150-க்குள் கொண்டுவாருங்கள். காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது தண்ணீரிலிருந்து பிரியும் கால்சியம் கார்பனேட். அதனால் கடினத்தன்மை கொஞ்சம் குறையவும் செய்கிறது. உப்புக் கரிக்கும் கிணற்று நீரை மட்டும் எந்த விகிதத்திலும் சேர்க்க வேண்டாம், மீட்டர் காட்டும் எண் சரியாக இருந்தாலும் அதில் இருப்பது வேறு உப்பு. இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால், ஒரே ஒரு முறை வேறொரு தண்ணீரில் அதே காப்பியைப் போட்டு இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள். அதன் பிறகு நான் வற்புறுத்த வேண்டியிருக்காது.

கருவி எதுவும் வாங்காமலேயே அந்தக் கொட்டையின் சுவை என்ன என்பதை நாளைக் காலை நீங்கள் பார்த்துவிடலாம். காப்பி வாங்குவோரும் விற்போரும் கொட்டையைச் சோதிக்கக் கையாளும் முறை இதுதான். தடித்த கண்ணாடி டம்ளர் ஒன்றை வெந்நீரில் அலசிச் சூடாக்கி, கொட்டையைப் பெரிய ரவைப் பருமனில் அரைத்து 12 கிராம் போடுங்கள், அதாவது தட்டையாக இரண்டரை மேசைக்கரண்டி. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு, 200 மில்லி அளவு பொடி முழுவதும் நனையும்படி ஊற்றுங்கள். பொடி மேலே எழும்பி ஒரு பத்தையாக மிதக்கும். வறுத்துச் சில வாரங்களே ஆகியிருந்தால் அதில் குமிழிகள் வெடித்துக்கொண்டே இருக்கும். கைவைக்காமல் நான்கு நிமிடம் விட்டுவிட்டு, மூக்கை டம்ளருக்கு அருகே கொண்டுபோய், கரண்டியின் முதுகால் அந்தப் பத்தையை மெல்ல மூன்று முறை தள்ளுங்கள். அடங்கிக் கிடந்த வாசனை முழுவதும் அந்த நொடியில் வெளியேறும். ஒரு கொட்டையைப் பற்றி அந்த ஒரு நொடியில் தெரிந்துகொள்வதை வேறெந்த விதத்திலும் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் அனுபவம். பொடியின் பெரும்பகுதி அடியில் போய்விடும். மேலே நிற்கும் நுரையையும் துகளையும் இரண்டு கரண்டிகளால் வழித்தெடுத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் கரண்டியால் எடுத்து உறிஞ்சிக் குடியுங்கள். உங்கள் ஃபில்டரில் புளித்த அதே கொட்டை இங்கே நிச்சயம் வேறாக இருக்கும்.

அந்தச் சுவை பிடித்துப்போய், தினமும் இப்படிக் குடிக்கலாம் என்று தோன்றினால் மட்டும், வடிகட்டும் காகிதத்தை உள்ளே வைத்துப் பொடி போட்டு மேலிருந்து வெந்நீர் ஊற்றும் வடிகூம்பு ஒன்று வாங்குங்கள். ஜப்பானின் ஹாரியோ நிறுவனத்தின் வி60 எளிதில் கிடைக்கிறது. பீங்கானைவிடப் பிளாஸ்டிக் கூம்பு மலிவானது, வெந்நீரின் சூட்டை உறிஞ்சுவதும் குறைவு என்பதால் சுவைக்கும் அதுவே நல்லது. காகிதத்தை மடித்து வைத்து வெந்நீரால் நனைத்துவிட்டு, நடுத்தரப் பருமனில் அரைத்த 15 கிராம் பொடியைப் போட்டுச் சமன் செய்யுங்கள். முதலில் 45 மில்லி மட்டும் ஊற்றி முக்கால் நிமிடம் காத்திருக்க வேண்டும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு அந்த நேரத்தில் வெளியேறினால்தான் மீதித் தண்ணீர் பொடிக்குள் சீராக இறங்கும். பிறகு நடுவிலிருந்து வெளியே வட்டமாக, 150 மில்லி வரை ஒரு முறை, சற்று விட்டு 250 மில்லி வரை ஒரு முறை. எல்லாம் வடிந்து முடிய மூன்று நிமிடம் ஆனால் அரைப்பு சரி. புளித்தால் அடுத்த நாள் ஒரு படி நைசாகவும், கசந்து நாக்கு வறண்டால் ஒரு படி பருமனாகவும் அரையுங்கள். ஒரே நாளில் அரைப்பையும் அளவையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போய்விடும். இளம் வறுப்புக்குத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தாலும் தகும். முற்றிய வறுப்புக்கு 88 முதல் 90 டிகிரி செல்சியஸ் போதும். கொடைக்கானலிலோ உதகையிலோ இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஆறவிடாமல் நேராக ஊற்றலாம்.

ஆனால் வீட்டில் உள்ள மற்றவர்கள் ஃபில்டர் காப்பியை விடப்போவதில்லை, விடவும் வேண்டியதில்லை. நல்ல கொட்டையைக் கொண்டு அந்த ஃபில்டரிலேயே மிகச் சிறந்த காப்பி போடலாம், அதற்கான கொட்டை வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுத்தரத்தைத் தாண்டி, எண்ணெய் கசியுமுன் நிறுத்திய வறுப்பைக் கேளுங்கள். கழுவிப் பதப்படுத்திய அராபிகா எண்பது பங்கும், ரோபஸ்டா என்னும் மற்றொரு காப்பி வகையில் பார்ச்மென்ட் எனப்படும் கழுவிய கொட்டை இருபது பங்கும் கலந்தால், சிக்கரி கொடுத்து வந்த கனத்தை ரோபஸ்டா கொடுத்துவிடும். ரோபஸ்டா என்றாலே மட்டம் என்ற எண்ணம் சரியன்று. கவனமாகப் பறித்துக் கழுவி உலர்த்திய ரோபஸ்டாவைக் காப்பி வாரியமே 'காப்பி ராயல்' என்று தனித் தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாலில் கரைந்து போகாமல் நிற்கும் திடமும் அதற்கு உண்டு.

அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடி விரலிடையே தேய்த்தால் லேசாக நறநறக்க வேண்டும், மாவாகிவிடக் கூடாது. ஃபில்டரின் மேல் பாத்திரத்தை வெந்நீரில் அலசிச் சூடாக்கி, பொடியைக் குலுக்கிச் சமன் செய்து, குடை போன்ற அழுத்துத் தட்டை அதன் மேல் அமுக்காமல் வையுங்கள். முதலில் 50 மில்லி கொதிநீர், ஒரு நிமிட இடைவெளி, பிறகு மீதி 100 மில்லி, உடனே மூடி. பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் சுமார் 90 மில்லி டிகாஷன் இறங்கியிருக்கும், மீதியைப் பொடி பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே இறங்கினால் இன்னும் சற்று நைசாக அரைக்க வேண்டும். சொட்டாமல் நின்றுவிட்டால் பொடியைக் குறை சொல்வதற்கு முன் துளைகளைப் பாருங்கள். பழைய பொடி துளைகளில் இறுகிப்போய் பாதிக் கண்கள் அடைபட்டிருப்பது சகஜம். மேல் பாத்திரத்தின் அடியைச் சில நிமிடம் தணலில் காட்டி, அடைத்திருப்பதைக் கருகவிட்டு, ஆறியபின் பிரஷ்ஷால் தேய்க்கும் பழைய வைத்தியம் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம், வாசனை போய்க் கசப்பு ஏறிவிடும். ஆறிவிட்டால் அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி வைத்தால் போதும். பால் கொழுப்பு நீக்காததாக, தண்ணீர் சேர்க்காததாக, ஒரே ஒரு முறை பொங்கி இறக்கியதாக இருக்க வேண்டும். மறுபடி மறுபடி காய்ச்சிய பாலின் வாடை நல்ல டிகாஷனை மூடி மறைத்துவிடும். ஒரு பங்கு டிகாஷனுக்கு இரண்டு பங்கு பாலில் தொடங்குங்கள். சர்க்கரையைத் தடுக்க நான் யார்? ஆனால் முதல் இரண்டு மிடறு இல்லாமல் குடித்துவிட்டுப் பிறகு போட்டால், வழக்கமான அளவில் பாதியே போதும் என்று பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும். பெரியவர்களுக்குச் சிக்கரி இல்லாமல் நிறைவில்லை என்றால் பத்து விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்கரியை நான் கலப்படமாகக் கருதவில்லை, அது நம் காப்பியின் ஒரு மரபுச் சுவை. தனித் தோட்டத்து இளம் வறுப்புக் கொட்டையோடு அதைக் கலக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பாலில்லாத காப்பியைச் சுவைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் ஆவி பறக்கக் குடித்தே பழகியவர்கள். அந்தச் சூட்டில் நாக்குக்குக் கசப்பும் சூடும்தான் தெரியும். நல்ல காப்பி 60 டிகிரிக்குக் கீழே வரும்போதுதான் இனிப்பைக் காட்டத் தொடங்குகிறது, வெதுவெதுப்பாகும்வரை மாறிக்கொண்டே போகிறது. ஆகவே ஒரே மூச்சில் முடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்பிலும் இரண்டு வகை உண்டு. சரியாக வடித்த கொட்டையின் புளிப்பு கமலா ஆரஞ்சுச் சுளையைப் போல வாயில் நீரூற வைத்து, உடனே இனிப்பாக முடியும். சரியாகக் கரையாத காப்பியின் புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கிள்ளிவிட்டு, இனிப்பே இல்லாமல் லேசான உப்புச் சுவையோடு நின்றுவிடும். ஆற ஆற முதல் வகை இனிமையாகும், இரண்டாவது வகை இன்னும் மோசமாகும். ஃபில்டரில் உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது.

கொட்டையைச் சேமிப்பதில் அதிகக் கவலை வேண்டாம். வறுத்த தேதியிலிருந்து நடுத்தர வறுப்பு ஒரு வாரமும் இளம் வறுப்பு பத்து நாளும் ஆறியபின் நன்றாக இருக்கும், ஒன்றரை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். வந்த பையிலேயே காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள். தினமும் திறந்து மூடும் டப்பாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், ஒவ்வொரு முறையும் ஈரம் படிந்து கொட்டை நமத்துவிடும், மீன் குழம்பு வாசனையும் ஏறிவிடும்.

கடைசியாக, மிக்ஸியில் ஏற்கெனவே அரைத்து மிச்சம் வைத்திருக்கும் பொடியை எறிந்துவிடாதீர்கள். அரைப்பின் குறை அதிகம் தெரியாத முறை ஒன்று இருக்கிறது. 50 கிராம் பொடியை 400 மில்லி பச்சைத் தண்ணீரில் கலக்கி, மூடி போட்டு, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும், பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் ஊறவிடுங்கள். காலையில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் அவசரப்படாமல் வடிகட்டுங்கள். வடியும்போது துணியைப் பிழிய வேண்டாம், பிழிந்தால் தூசும் இறங்கிவிடும். வடிந்ததோடு சம அளவு தண்ணீரும் ஐஸ் கட்டியும் சேர்த்தால் மதிய வெயிலுக்குப் புளிப்பில்லாத, இனிப்பான குளிர்ந்த காப்பி கிடைக்கும். மூடிய பாட்டிலில் மூன்று நாள் வரை கெடாது.